மூன்றாவது சேர்மானம்

2019இல் புவிசார் குறியீடு பெற்ற திருவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குச் சேர்மானம் பாலும் சீனியும். சிறு கடையில் மூன்றாவதாகச் சொந்தக்காரர் சேர்வார். வாங்க வருபவர் இருவகை: விலை கேட்காமலே பொட்டலம் கட்டச் சொல்பவர், ‘மாசக் கடைசியில பாத்துக்கலாம்’ என்பவர். எந்த மாசம் என்று சொல்வதில்லை. பிளவக்கல் அணை பார்க்க வந்த வெளியூர்க்காரர் துளி ருசி பார்த்துக் காசு கொடுத்து வாங்குவார். சித்தப்பா ருசி பார்ப்பதே கால் கிலோ. வேலைக்கு வரும் உறவினர் ஒரே வகை: முதலாளி. கடிந்தால் அத்தை வீட்டிலிருந்து போன் வரும். நிறுத்தினால் அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது. அரசுக்கும் இது தெரியும்: 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 40ஏ(2) பிரிவு, உறவினருக்கு மிதமிஞ்சிக் கொடுத்த சம்பளத்தைச் செலவாக ஏற்க மறுக்க இடம் தந்தது. கடன் நோட்டில் முறை எழுதாமல் பெயரும் தேதியும் எழுதுவதே தற்காப்பு.