தயிர் வாங்க ஜெர்மனிக்குப் போன கதை

ஸ்ட்ராஸ்பூர்,
பிரான்ஸ்.

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று போனில் நீ போட்ட சத்தத்துக்குப் பதில்தான் இந்தக் கடிதம். "என்னடி பண்றே?" என்று கேட்டாய். "தயிர் வாங்க ஜெர்மனிக்கு வந்திருக்கேன்" என்றேன். அதன் பிறகு நான் சொன்ன எதுவும் உன் காதில் ஏறவில்லை. "விசா வாங்கினது பிரான்ஸுக்கு, இவ ஜெர்மனியில நிக்கிறா!" என்று நீ அப்பாவைக் கூப்பிட்டது கேட்டது. பின்னாலிருந்து தாத்தா, "ஜெர்மன்காரன் சும்மா விடமாட்டானே" என்று 1940-ஆம் வருஷத்துச் சண்டையை ஆரம்பித்ததும் கேட்டது. அப்புறம் லைன் போய்விட்டது. மறுபடி பேசினால் நீ பாதியில் அழுவாய். அதனால் எழுதுகிறேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கடைசிவரை படி.

அம்மா, நான் ஓடிப்போகவில்லை. நம் காரைக்கால் போலகத்துக்கு மாநில எல்லையில் வாஞ்சூர் எப்படியோ, இந்த ஊருக்கு ஜெர்மனி அப்படி. ஊர் நடுவில் 'டி' என்று போட்ட டிராமில் ஏறி உட்கார்ந்தால், பேசிக்கொண்டிருக்கும்போதே ரைன் ஆறு வந்துவிடும். ஆற்றுக்கு இந்தக் கரை பிரான்ஸ், அந்தக் கரை ஜெர்மனி. அங்கே முதல் ஊர் கேல். 2017 ஏப்ரலில் இந்த டிராமைப் பாலம் கட்டி அக்கரைக்கு நீட்டினார்கள். எடுத்த பாஸ் அந்தப் பக்கமும் செல்லும். கண்டக்டர் இறங்கச் சொல்ல மாட்டார், கண்டக்டரே கிடையாது.

தயிருக்கு ஏன் அங்கே போகணும் என்று கேட்பாய். பிரெஞ்சுக்காரர்கள் தயிரை 125 கிராம் கிண்ணத்தில் விற்கிறார்கள். நாலு கிண்ணம் சேர்த்து ஒரு அட்டை. அதைப் பிரித்துப் பிசைந்தால் ஒரு ஆள் தயிர்சாதம் சாப்பிடலாம். சாப்பிட்ட இடம் கல்யாண வீட்டுப் பந்தி முடிந்த மாதிரி கிடக்கும். ஜெர்மனியில் அரைக் கிலோ தயிரைக் கண்ணாடி ஜாடியில் தருகிறார்கள். உறை குத்தலாமே என்பாய். குத்தினேன். இந்தக் குளிரில் பால் மூன்று நாளானாலும் பாலாகவே இருந்தது. ரேடியேட்டர் மேல் வைத்தேன், திரிந்துவிட்டது.

என்னோடு படிக்க வந்த பிரேசில், கொரியா பிள்ளைகள் பாலத்துக்கு நடுவில் நின்று, ஒரு கால் இங்கே ஒரு கால் அங்கே என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் ஒரு படமும் எடுக்கவில்லை. எல்லைக்கோட்டில் என்ன அதிசயம் இருக்கிறது? பள்ளிக்கூடம் ஒரு மாநிலம், பாட்டி வீடு இன்னொரு மாநிலம் என்று வளர்ந்தவள் நான். சனிக்கிழமை டிராமில் நிற்க இடம் இருக்காது. பிரான்ஸில் சிகரெட்டுக்கு வரி அதிகம், அதனால் கேலில் இறங்கியதும் வரிசையாகப் புகையிலைக் கடைகள்தான். ஷாம்பு, சோப்பு, குழந்தை டயப்பர் எல்லாம் மூட்டை மூட்டையாக இந்தப் பக்கம் வருகின்றன. ஜூலை 14-ஆம் தேதி இங்கே கடை அடைப்பு, அன்று ஊரே கேலில் இருக்கும். அக்டோபர் 3-ஆம் தேதி அங்கே கடை அடைப்பு, அன்று அவர்கள் எல்லாரும் இங்கே. எந்தத் தேதியில் எந்தப் பக்கம் கடை திறந்திருக்கும் என்று மனப்பாடமாகச் சொல்கிறவர்களை நம் ரோட்டில் பார்த்தவளுக்கு இதெல்லாம் புதுசா? நாகூர்க்காரர்கள் வாஞ்சூருக்கு எதற்கு வருகிறார்கள் என்று உன்னிடம் நான் எழுத வேண்டியதில்லை.

போலீஸ் பிடிக்காதா என்று கேட்டாயே, அதற்கும் பதில் சொல்கிறேன். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் மறுபடி சோதனை போட்டிருக்கிறது. சில நாள் டிராமில் இரண்டு பேர் ஏறுவார்கள். ஒருநாள் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் காலடியில் இருந்த பெரிய பையைக் காட்டி, என்ன அது என்று கேட்டார் ஒருவர். திறந்தேன். அத்தனையும் காலி பாட்டில். வாஞ்சூர் தாண்டினால் நிரம்பிய பாட்டிலைத்தான் தேடுவார்கள். காலி பாட்டிலோடு எல்லை தாண்டுகிறவளை எந்தப் பிரிவில் பிடிப்பது? சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் காலி பாட்டில் கதையைச் சொல்லியே ஆகணும். அப்பாவுக்கும் படித்துக் காட்டு.

ஜெர்மனியில் தண்ணீர் பாட்டில் வாங்கினால் விலைக்கு மேல் 25 சென்ட் பிடித்துக்கொள்வார்கள். நம் காசுக்கு ஏறக்குறைய 25 ரூபாய். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசு வரும். 2003-லிருந்து இது சட்டம். நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் பிடித்துத் திருப்பித் தருகிறார்களே, அதே ஏற்பாடுதான். ஆனால் இங்கே வாங்கிக்கொள்வது ஆள் இல்லை, மெஷின். சூப்பர் மார்க்கெட் வாசலில் சுவரில் ஒரு வட்ட ஓட்டை. பாட்டிலைப் படுக்க வைத்து உள்ளே தள்ளணும். அது பாட்டிலை உருட்டி, திருப்பி, முன்னும் பின்னும் பார்க்கும். பொண்ணு பார்க்க வந்த அத்தைமார்கூட அவ்வளவு பார்க்க மாட்டார்கள். பிடித்திருந்தால் உள்ளே இழுத்து நொறுக்கும். பிடிக்காவிட்டால் திருப்பி வெளியே தள்ளும். நசுங்கியிருந்தால் வேண்டாம். லேபிள் கிழிந்திருந்தால் வேண்டாம். ஆகவே பாட்டிலைக் காற்றோடு, லேபிளோடு, அலுங்காமல் மடியில் வைத்துக் கொண்டுபோகணும். எல்லாம் முடிந்ததும் ஒரு சீட்டு வரும். அதைக் கல்லாவில் கொடுத்தால் காசு.

இதில் பெரிய கொடுமை, பிரான்ஸில் வாங்கிய பாட்டிலை அது ஏற்காது. பார்க்க இரண்டும் ஒன்றுதான். அதே கம்பெனி, அதே தண்ணீர், அதே மூடி. உள்ளே தள்ளினேன், வெளியே தள்ளியது. துடைத்துத் தள்ளினேன், மறுபடி வெளியே. பின்னால் நின்ற ஜெர்மன் பாட்டி ஒருவர் எதுவும் பேசாமல் பாட்டில் அடியில் இருந்த பிரெஞ்சு எழுத்தைத் தொட்டுக் காட்டினார். ஆறு தாண்ட மனுஷனைத் தடுக்காத ஊரில் பாட்டிலுக்கு மட்டும் விசா!

தயிர் ஜாடிக்கும் 15 சென்ட் உண்டு. அதை மட்டும் நான் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்றில் பருப்புப் பொடி, ஒன்றில் மிளகாய்த்தூள், ஒன்றில் புளி என்று ஜன்னலோரம் அடுக்கி வைத்திருக்கிறேன். உன் ஹார்லிக்ஸ் பாட்டில் வரிசையைக் கேலி செய்ததற்கெல்லாம் சேர்த்து இப்போது ஜாடிக்கு 15 சென்ட் தண்டம் கட்டுகிறேன்.

சட்டமும் கேட்டுக்கொள். என் விசாவில் 180 நாளைக்குள் 90 நாள் வரை பக்கத்து நாடுகளில் இருக்கலாம். ஜெர்மனியில் கால் வைத்த நாளெல்லாம் கணக்கு. ஆக, ஆறு மாதத்தில் 90 நாள் தயிர் வாங்க ஐரோப்பா எனக்கு அனுமதி தந்திருக்கிறது. போதாதா? திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் வருஷா வருஷம் மாசி மகத்துக்கு மாநிலம் தாண்டி நம் பட்டினம் கடற்கரைக்கு வருகிறாரே, அவரை யார் விசா கேட்டார்கள்? மாப்பிள்ளை என்று கூப்பிட்டல்லவா தோளில் தூக்குகிறார்கள்! அவ்வளவு ஏன், நீயே நாகூரிலிருந்து போலகத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்தானே?

ஊர் சுற்றிப் பார்த்தாயா என்று சித்தி கேட்டாராம். பார்த்தேன். இங்கே பெரிய மாதா கோயில் ஒன்று இருக்கிறது. 142 மீட்டர் உயரம், தஞ்சாவூர் விமானத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். 1647 முதல் 1874 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் இதுதான். இரட்டைக் கோபுரம் என்று ஆரம்பித்து, ஒன்றை 1439-ல் முடித்தார்கள். இன்னொன்றைக் கட்டவே இல்லை. உள்ளே ஒரு பெரிய கடிகாரம், இப்போது ஓடுகிற இயந்திரம் 1843-ல் செய்தது. கிரகம், பண்டிகை, கிரகணம் எல்லாம் காட்டும், மணி மட்டும் அரை மணி நேரம் பின்னால் ஓடும். மதியம் பன்னிரண்டரைக்குத்தான் அதற்குப் பன்னிரண்டு. அப்போது சேவல் பொம்மை கூவ, இயேசுவின் சீடர் பொம்மைகள் வரிசையாக நகரும். நானும் பார்த்தேன். உனக்கும் எனக்கும் நடுவே இப்போது நாலரை மணி நேரம், அம்மா. காலையில் கோலம் போட்டுவிட்டு ஆறு மணிக்கு நீ கூப்பிட்டால் இங்கே ராத்திரி ஒன்றரை. "என்னடி குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்காதே. தூக்கம்தான்.

எல்லா நாளும் தூக்கம் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். இங்கே கடைக்கு வருகிற மீனுக்குத் தலை இருப்பதில்லை. துண்டு போட்டு, தோலுரித்து, பிளாஸ்டிக்கில் ஒட்டி வைத்திருப்பார்கள். அது கானாங்கெளுத்தியா வேறெதுவா என்று முகத்தைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? கடலும் பக்கத்தில் இல்லை. ஆறு இருக்கிறது, உப்புக்காற்று இல்லை.

தாத்தாவுக்கு ஒரு செய்தி. நான் குடியிருக்கும் வீட்டுப் பாட்டி தன் பாட்டியின் கதையைச் சொன்னார். அந்தப் பாட்டியின் பாட்டி 1870-ல் பிரெஞ்சுக்காரியாகப் பிறந்தார். 1871-ல் ஜெர்மனி இந்த ஊரை எடுத்துக்கொண்டது, 1918-ல் பிரான்ஸ், 1940-ல் ஜெர்மனி, 1944-ல் மறுபடி பிரான்ஸ். வீடு மாறாமல் நாடு மட்டும் நான்கு தடவை மாறியது. 1871-ல் மட்டும் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்களாம். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்பினால் 1872 அக்டோபர் 1-க்குள் எழுதிக் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போய்விடணும். பலர் போனார்கள், மீதிப்பேர் வயலையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்கள்.

இதைக் கேட்டதும் தாத்தா நினைவுதான் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கணும். கொடுத்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே வர டிக்கெட் எடுத்தால் போதும். எனக்கு விசாவுக்கு வங்கிக் கணக்கு காட்டணும், அதற்கு உன் வளையல் போகணும். படிவம் நிரப்பும்போதெல்லாம் எனக்கும் கோபம் வந்ததுண்டு. ஏன் எழுதிக் கொடுக்கவில்லை என்று தாத்தாவிடம் கேட்டால் ஒரே பதில்: "வயல்ல சம்பா நின்னுச்சு." கணக்குப் போட்டுப் பார்த்தேன், அம்மா. ஆகஸ்டிலிருந்து பிப்ரவரி. நட்டதிலிருந்து அறுத்தது வரை அதே ஆறு மாதம். அவர் சொன்னது சாக்கு இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். குழம்பில் உப்பு கூடிய நாளிலெல்லாம், "அன்னைக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா" என்று மாமனாரைக் குத்துவதை இன்றோடு விடு. போட்டிருந்தால் அவர் குடும்பத்தோடு பாரிஸ் போயிருப்பார், அப்பா அங்கேயே யாரையாவது கட்டியிருப்பார், உனக்கு நாகூரிலேயே வேறு மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள். அப்புறம் இந்தக் கடிதத்தை யாருக்கு யார் எழுதுவது?

என் முதல் சம்பளம் உன் வளையலை மீட்கத்தான். பார்சல் அனுப்புவதாக இருந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் மட்டும் அனுப்பு, எண்ணெய் கசியாமல் இரண்டு பை போட்டு. ஜாடி அனுப்பாதே, என்னிடம் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உன் மகள்