‘புத்தகத்துல இப்படி இல்ல’: ஒரு முணுமுணுப்பின் இலக்கணம்

நாவலைப் படித்தவர் அதன் திரைவடிவத்தைப் பார்க்கையில், பக்கத்து இருக்கைக்கு மட்டும் கேட்பதாக நம்பி மூன்று வரிசைக்குக் கேட்கும்படி எழுப்பும் ஒலி முணுமுணுப்பு எனப்படும். ‘புத்தகத்துல இப்படி இல்ல’ என்பது இதன் முழு வடிவம். உச்சுக்கொட்டுதல் இதன் சுருக்கம். தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் இது பெருமளவில் கேட்கத் தொடங்கியது 2022 செப்டம்பர் 30 அன்று, மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் வெளியானபோது. 2023 ஏப்ரலில் வந்த இரண்டாம் பாகத்தில் முற்றியது.

காரணம் பழையது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் எழுத்தாளர் கல்கி எழுதிய தொடர் அந்த நாவல். வாசகர்கள் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, நடுவே வந்த விளம்பரங்களோடு பைண்டு செய்து, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். ஆக, படம் வருமுன்பே வீட்டுக்கு வீடு ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் கதைமாந்தர் நந்தினியின் கொண்டை ஓவியர் மணியம் வரைந்தது. குரல் அவரவர் விருப்பம். 1958-ல் எம்.ஜி.ஆர். இக்கதையைப் படமாக்க முனைந்து, பிறகு கைவிட்டார். எடுக்கப்படாத அந்தப் படத்தின் மீது இன்றுவரை யாரும் குறை சொன்னதில்லை என்பது ஆய்வாளர் கவனத்துக்குரியது.

முணுமுணுப்பாளரில் மூத்த இனம் ஏரிக்கரையினர். நாவல் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில், குதிரைமேல் வரும் வந்தியத்தேவனோடு தொடங்கும். படமோ ஆதித்த கரிகாலன் ராஷ்டிரகூடரோடு மோதும் போர்க்களத்தைக் காட்டித் தொடங்குகிறது. எனவே இவ்வினத்தார் இருக்கையில் சரியாகச் சாய்ந்து உட்காருமுன்பே மனம் நொந்துவிடுகிறார்கள். அடுத்த இனம் மணிமேகலை அனுதாபிகள். வந்தியத்தேவனை ஒருதலையாக விரும்பி உயிர்விடும் அந்தக் கடம்பூர்ப் பெண் படத்தில் அறவே இல்லை. படிக்கும்போது இவர்கள் அவளைப் பெரிதாகப் பொருட்படுத்தியதற்குச் சான்று கிடையாது. படத்தில் காணவில்லை என்றதும் பாசம் பொங்கிவிட்டது.

சேந்தன் அமுதன் பற்றிய புகார் மட்டும் கனமானது. நாவலில் பூத்தொடுக்கும் அந்தச் சாதுப் பிள்ளைதான் சோழ அரசி செம்பியன் மாதேவியின் மெய்யான மகன் என்று கடைசியில் தெரியவரும். உத்தம சோழனாக அரியணை ஏறுவதும் அவனே. படத்தில், அவர் மகனாக வளர்ந்த மதுராந்தகனே முடிசூடுகிறான். வரலாற்றில் மதுராந்தகனும் உத்தம சோழனும் ஒருவரே; பிள்ளை மாற்றம் கல்கியின் கற்பனை. அதை விலக்கியதால் படம் வரலாற்றுக்கு ஓரடி நெருங்கியது. இதை எடுத்துச் சொன்னால் முணுமுணுப்பாளர் சமாதானமாவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. அவர் வரலாற்றின் மீது குறைப்படத் தொடங்குவார்.

இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நாவல் சுமார் ஐந்தரை மணி நேரத்துக்குள் அடங்கவேண்டுமென்றால் ஆட்குறைப்பு தவிர்க்க முடியாதது. ஆனால் குறைக்கப்பட்டவர்களில் பெரியவர் யார் என்பதை மேற்சொன்ன எந்த இனமும் சரியாகச் சொல்லவில்லை: அவர் கல்கி. குதிரையை நடுவழியில் நிறுத்திவிட்டு ஊர்க்கதை சொல்வார். ஆபத்தான கட்டத்தில் அத்தியாயத்தை முடித்துவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் ஒன்றும் நடக்காததுபோல வேறு ஊரைப் பற்றிப் பேசுவார். படத்தின் தொடக்கத்தில் கமல்ஹாசனின் குரல் முன்கதையைச் சொல்கிறது. சொல்லி முடித்ததும் போய்விடுகிறது. ஜெயராமின் ஆழ்வார்க்கடியான் வரும்போது மட்டும் பழைய வம்பளப்பு கொஞ்சம் எட்டிப்பார்க்கிறது. மற்றபடி எல்லோரும் அவசர வேலையாகவே போகிறார்கள். வாசகர் மணிமேகலையையும் ஏரியையும் சொல்லிப் புலம்பினாலும், அவருக்குக் குறைவது அந்தச் சாவகாசமே.

முணுமுணுப்புக்குப் பரிகாரமாக, வீட்டில் ஓடிடியில் பார்க்கும்படி உறவினர் சிலர் ஆலோசனை சொல்வதுண்டு. பலன் நேர்மாறு. திரையரங்கில் படம் யாருக்காகவும் நிற்பதில்லை. வீட்டில் ரிமோட் முணுமுணுப்பாளர் கையில். குறிப்பிட்ட காட்சி வந்ததும் நிறுத்துவார். ஐந்து பாகங்களில் உரியதைத் தேடி எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, அத்தியாயம் முழுவதையும் குடும்பத்துக்கு உரக்க வாசித்த பிறகே ‘ம், இப்பப் போடு’ என்பார். இவ்வாறு பார்க்கும் குடும்பம் முதல் பாகத்தின் இடைவேளையை எட்டுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும்.