பெயர் எழுதாப் பெருந்தன்மை

மனிதரின் மானத்தைக் காப்பதில் இலங்கையின் பழைய குடிசனத் தொகைமதிப்புக்கு நிகராக எதையும் சொல்ல முடியாது. 1871இல் முதன்முறையாக நாடு முழுவதும் தலை எண்ணினார்கள். பிறகு பெரும்பாலும் பத்து வருடத்துக்கு ஒருதரம். அந்த அறிக்கைகளைப் புரட்டினால் மட்டக்களப்பில் முஸ்லிம்களான சோனகர் எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கட்டம் கட்டமாக இருக்கும். உங்கள் பூட்டனாரும் அந்தத் தொகைக்குள்தான் இருக்கிறார். அதில் எந்த ஒன்று அவர் என்று கேட்பது நமது பேராசை.

அறுகம்பேக்கு அலைச்சறுக்க வரும் வெள்ளைக்காரர்களைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது. அங்குள்ள உல்லையில் விடுதி நடத்தும் மச்சான் ஒருவரின் விறாந்தையில் ஓர் இங்கிலாந்துப் பையன் கைபேசியை நீட்டினான். 1881ஆம் ஆண்டு அவர்கள் ஊர்த் தொகைமதிப்புத் தாள். சாய்வெழுத்தில் பாட்டனின் பாட்டன் பெயர், வயது, பிறந்த ஊர், தொழில் சப்பாத்துத் தைப்பது. கீழே பெண்சாதி, பிள்ளைகள். நூறு வருடம் பூட்டி வைத்துவிட்டு ஊருக்கே திறந்துவிடுகிறார்களாம். செருப்புத் தைத்தது வரைக்கும் சந்திக்கு வந்துவிட்டது! அதே துரைமார் நம்மை ஆண்டபோது அந்த இழிவு நமக்கு வராமல் பார்த்துக்கொண்டார்கள். "எங்கட மூத்தவாப்பாட மூத்தவாப்பா அரபி வியாபாரி" என்றார் மச்சான். பெயர் என்ன என்று பையன் கேட்டான். மச்சான் தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போய்விட்டார்.

அயர்லாந்துக்காரர்கள் பெயரில்லாத இந்த நிலையை எட்ட எவ்வளவு பாடுபட்டார்கள்! சில வருடத்து ஏடுகளை அரசாங்கமே அழித்தது. மிச்சத்தில் பெரும்பகுதியை எரிக்க 1922இல் டப்ளின் நகரில் ஓர் உள்நாட்டுப் போரே தேவைப்பட்டது. நமக்கு ஒரு தீக்குச்சிச் செலவும் இல்லை.

நமது படித்த பெரியோரையும் விட்டுவிடக் கூடாது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் கொழும்பில் ஒரு கட்டுரை வாசித்துச் சோனகர் இனத்தால் தமிழரே என்று நிறுவினார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ், இல்லை, நமது மூதாதையர் அரபிகள் என்று பதில் எழுதினார். 1911 தொகைமதிப்பு இன்னும் நுணுக்கமாகி, சோனகரை இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று வகுத்தது. இத்தனைக்கும் கல்முனையிலோ பொத்துவிலிலோ திண்ணையில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவியிடம் "உங்கட உம்மாட உம்மா யாரு?" என்று கேட்டு அவளைத் தொந்தரவு செய்ததாகத் தெரியவில்லை. எத்தனை இங்கிதம்!

கேட்டிருந்தால் தொல்லைதான். இந்தக் கிழக்குக் கரையில் குடி என்ற வம்சப் பிரிவு உம்மா வழியில் வருவது. வாப்பா எந்தக் குடியானாலும் பிள்ளை உம்மாவின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் பேசினால் மூத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் வந்து சேருகிறவர். பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மாரைக்கூடக் குடிப்படி தெரிந்தெடுத்தார்கள். ஆகவே இங்கே வம்சம் தேடுகிறவன் பெண்களின் பெயரைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். அந்தச் சிரமம் நமக்கு வேண்டாமென்று எல்லா ஏடுகளும் ஒத்துழைத்தன. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி பதிவேட்டில் மாப்பிள்ளை ஒப்பமிடுவார், மணமகளுக்காக வலி என்ற பொறுப்பாளர் ஒப்பமிடுவார். மணமகள் விரலில் மருதாணி தவிர மை பட வேண்டியதில்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் பாட்டனாருக்குக் கட்டம் இருந்தது. உம்மம்மாவுக்கு இல்லை. அவர் எங்கும் போகமாட்டார் என்ற நம்பிக்கை போலும்.

பாட்டன், பூட்டன் மீது அரசாங்கத்துக்கு இருந்த பாசம் 1948 குடியுரிமைச் சட்டத்தில் நன்றாகவே தெரிகிறது. தகப்பன், அல்லது தகப்பன் வழியில் பாட்டனும் பூட்டனும் இந்த மண்ணில் பிறந்ததைக் காட்டு என்றது சட்டம். பூட்டன் பிறந்த காலத்தில் ஒழுங்கான பிறப்புப் பதிவே இல்லை என்பது ஒரு சின்னக் குறை. அந்தக் குறையினால் மலையகத்தில் இலட்சக்கணக்கானோர் நாடற்றவரானார்கள். தாய் வழியும் ஒரு வழிதான் என்று சட்டம் ஒத்துக்கொள்ள 2003 வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. பொறுமை பெரிய குணம்.

தேடத்தான் போகிறேன் என்று அடம்பிடிப்பவர்களுக்குத் தேகப்பயிற்சியும் உண்டு. அம்பாறை மாவட்டம் 1961இல்தான் உண்டானது. அதற்கு முந்திய காணிப் பதிவு, கச்சேரிக் கடதாசி எதுவானாலும் பொத்துவிலிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல் வடக்கே, மட்டக்களப்பில் விசாரிக்க வேண்டும். போய்ச் சேர்ந்தால் ஆதம்பாவாவும் மீராலெப்பையும் தெருவுக்கு நாலு பேர். பாத்தும்மாக்களுக்குக் கணக்கே இல்லை.

வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்த காணி உறுதிகள், பழைய கலியாணக் கடதாசிகள்? 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலையோடு பெட்டியும் போனது, வீடும் போனது. இலங்கையில் ஆகக் கூடுதலாக உயிர் பறிகொடுத்தது இந்த மாவட்டம்தான், பத்தாயிரத்துக்கும் மேல். அந்தப் பெட்டிகளின் உள்ளடக்கத்தை மனப்பாடமாக வைத்திருந்த கிழவிகளும் அதில் போனார்கள். இதைப் புகழ எனக்கு வாய் வரவில்லை.

மற்றதைப் புகழலாம். 2024 தொகைமதிப்புக்குக் கையில் கணினியோடு வந்தார்கள். இனம், மதம், வீட்டுக் கூரை எல்லாம் விசாரித்தார்கள். குடி என்ன என்று கேட்கவில்லை. உள்ளே இருந்த உம்மம்மா, இனம் பற்றிய கேள்வி காதில் விழுந்து, தன் உம்மாவின் உம்மாவிலிருந்து தொடங்கிக் குரல் கொடுத்தார். "சும்மா இருங்க உம்மம்மா, அவருக்கு நேரமில்ல" என்று பேத்தி கதவைச் சாத்தினாள். படித்த பிள்ளை.