ஏழு காளையும் ஏழு கடாவும்

வாடே, உட்காரு. அந்தப் பையை முதல்ல இறக்கி வையி, தோள்பட்டை எறங்கிப் போச்சு. உள்ள என்ன, கைப்பிரதியா? பெரியாஸ்பத்திரி வாசல்ல சாயங்காலத்துக்குள்ள அம்புட்டையும் குடுத்து முடிக்கணுமாக்கும்! நல்ல காரியம்தான். பந்தியில இலை போடுதவனும் இப்படித்தான் ஓடுவான். சோறு போடுததுக்கு வேற ஆளு வரணும்லா?

இதென்னலே, காகிதத்து மூலையில கருப்பும் வெள்ளையுமா கட்டம்? செல்போனைக் காட்டுனா சாட்சி வீடியோ ஓடுமா? பேஷ். நேத்து வேப்பமரத்தடியில ஒரு பொம்பள அழுதுக்கிட்டு இருந்தாளே, அவ கையில பட்டன் போன்லா இருந்துது! நீ அவகிட்ட கட்டத்தை விளக்கிக்கிட்டு நின்னதை, டீக்கடை பெஞ்சுல இருந்து நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். புருசன் உள்ள கிடக்கான். காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. நீ கேட்ட கேள்வி என்ன? "இன்னைக்குச் செத்தா எங்க போவீங்க?" ஆஸ்பத்திரி வாசல்ல கேக்குத கேள்வியாலே அது? பொறவு கண்ணை இறுக்க மூடி, கையை நீட்டி, மூச்சுவிடாம ஒரு ஜெபம். அவ பாதியிலேயே எந்திரிச்சுப் போயிட்டா. நீ வேப்பமரத்துக்குத்தான் ஆமென் சொன்ன.

பயிற்சி முகாம்ல இப்படித்தான் சொல்லிக் குடுத்தாவளோ? நான் முகாம் கிகாமெல்லாம் போனவன் இல்ல. கோயில் அசனத்துக்கு அண்டா தூக்குனவன். ஆனா வேதம் வாசிக்கும்போது தூங்கமாட்டேன். எலியா சூரைச்செடிக்குக் கீழ விழுந்து, என்னை எடுத்துக்கிடும்னு புலம்பினாரே, தேவதூதன் என்ன கொண்டாந்தான்? நோட்டீஸா? தழல்ல சுட்ட அடையும், குடிக்கத் தண்ணியும்! தின்னுட்டு மனுசன் திரும்பப் படுத்துட்டாரு. தூதன் கோவிச்சானா? மறுக்க எழுப்பி, மறுக்கவும் தின்னச் சொன்னான். அந்தத் தெம்புல நாப்பது நாள் நடந்து, ஓரேப் மலைக்குப் போன பொறவுதான் பேச்சுவார்த்தை. அம்புட்டு ஏன், யவீரு மகளை எழுப்பிவிட்ட கையோட ஆண்டவர் என்ன சொன்னாரு? பிள்ளைக்குத் திங்க ஏதாச்சும் குடுங்கன்னாரு.

வாயைத் திறந்து சொல்லாம விசுவாசம் எப்படி வரும்னு கேக்கியா? சொல்லுடே, யாரு வேண்டாம்னா? முதல்ல பக்கத்துல உட்காரு. சாப்பிட்டியாம்மான்னு கேளு. ஒரு டீயும் பன்னும் வாங்கிக் குடு. அவ மாரியம்மனைக் கும்பிடுதவளா இருந்தா டீ தொண்டைக்குள்ள எறங்காதா? மாத்திரை வாங்குத வரிசையில அவ நிக்கையில, மூட்டையைப் பார்த்துக்கிடு. அழுதா அழட்டும், நீ குறுக்க வசனம் சொல்லாத. நீ யாரு பெத்த பிள்ளைய்யான்னு அவளே கேப்பா. அப்ப சொல்லு, உன் ஆண்டவரைப் பத்தி. ஜெபம் பண்ணட்டுமாம்மான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கிடு. வேண்டாம்னா வீட்டுல போயிப் பண்ணு. ஆண்டவருக்கு என்ன, காது மந்தமா?

நம்ம டோனாவூர்ல ஆமி கார்மைக்கேல் அம்மா இருந்தாவள்லா? 1931-ல விழுந்து அடிபட்டவுக, 1951-ல கண்ணை மூடுத வரைக்கும் பெரும்பாலும் படுக்கைதான். திடமா நடமாடுதவுக நோயாளிக்குன்னு எழுதின பிரதி எதுவும் அவுக மனசுல ஒட்டல. மிஷனெரி அம்மாவுக்கே ஒட்டல பாத்துக்கோ! படுத்த படுக்கையில இருந்தே, நோயாளி நோயாளிக்கு எழுதுத கடுதாசியா ஒரு புஸ்தகம் எழுதுனாவ. 'ரோஸ் ஃப்ரம் பிரையர்'னு 1933-ல வந்துது. உனக்கு ஒரு காய்ச்சல் வந்து கிடந்திருந்தா இந்தப் பை பாதி கனம் குறைஞ்சிருக்கும்.

இன்னொண்ணு. உன் வாசகம்தான் அந்த வேப்பமரத்தடிப் பொம்பளைக்கு மருந்துன்னு நினைக்கே பாரு, அதைத்தான் யோபுவோட கூட்டாளிமாரும் நினைச்சானுவ. அவரு சாம்பல்ல உட்கார்ந்து ஓட்டாஞ்சில்லால உடம்பைச் சுரண்டிக்கிட்டு இருந்தாரு. ஏழு நாளும் ஏழு ராத்திரியும் அவனுவ வாயைத் திறக்காம கூடவே தரையில இருந்தானுவ. அது வரைக்கும் ஒரு குத்தமும் இல்ல. பொறவு ஆரம்பிச்சானுவ பிரசங்கத்தை. நீ பாவம் செஞ்சிருப்ப, உன் பிள்ளையள் பாவம் செஞ்சிருக்கும்னு, ஆளுக்கு ஆளு. கடைசில ஆண்டவருக்கே கோவம் வந்துட்டு. ஏழு காளை, ஏழு கடா கொண்டு போயி பலி குடுங்கன்னுட்டாரு. அதோட விட்டாரா? அவனுவளுக்காக யாரு ஜெபம் பண்ணணும்னாரு? சொறியோட கிடந்த அதே யோபு!

போறதுன்னா போ. போற வழியில மேலப்பாளையம் சந்தையில எறங்கி, ஏழு காளை என்ன விலை சொல்லுதான்னு விசாரிச்சுட்டுப் போ.