மூவரும் நேரில் வரவேண்டும்

ஓஎம்ஆரில் சிறுசேரி ஐ.டி. பார்க்கைத் தாண்டி, திருப்போரூரில் செங்கல்பட்டு ரோட்டைப் பிடித்தால் திருவிடைச்சுரம் வரும். சம்பந்தர் பதிகம் பாடிய ஊர். பார்க்கில் இந்த நேரம் யாராவது ஒரு தம்பி, ‘பேக்கப் இருக்கு சார், ரீஸ்டோர்தான் ஆக மாட்டேங்குது’ என்று வியர்த்துக்கொண்டிருப்பான். கலங்காதே தம்பி, அந்தப் பதிகமே அப்படியொரு ரீஸ்டோரில் தப்பிப் பிழைத்ததுதான்!

கதை திருமுறை கண்ட புராணத்தில் இருக்கிறது. ராஜராஜ சோழருக்குத் தேவாரத்தின் மேல் தீராத ஆசை. (அது வேறொரு சோழன் என்போரும் உண்டு. நாம் பெரிய பெயரையே வைத்துக்கொள்வோம்.) அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காதில் விழுகிறதே தவிர, முழு ஃபைல் எங்கே என்று தெரியவில்லை. ஈழம் வரை ஜெயித்தவர், பாட்டு தேடித் திருநாரையூரில் நம்பியாண்டார் நம்பி வீட்டு வாசலில் நிற்கிறார்.

நம்பிக்கு உள்ளூர்ப் பொல்லாப் பிள்ளையாரோடு நேரடி லைன். பிள்ளையார் லொக்கேஷன் அனுப்பிவிட்டார்: ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில், தேவாரம் பாடிய சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் கையடையாளம் வைத்துப் பூட்டியது. பயோமெட்ரிக்!

தில்லை அந்தணர்கள் அசையவில்லை. ‘மூவரும் நேரில் வரட்டும், திறக்கிறோம்.’ மூவரும் சிவலோகம் போய் நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. வேலையை விட்டுப் போனவர் போனுக்கே இன்றும் ஓடிபி போகிற ஆபீஸ்களுக்கு இது புரியும்.

ராஜா என்ன செய்தார்? மூவரின் திருமேனிகளையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். ‘இதோ, வந்துட்டாங்க.’ வெறும் சிலைதானே என்று கோயிலுக்குள் நின்றுகொண்டு யாரால் சொல்ல முடியும்?

கதவு திறந்தது. உள்ளே ஏடு தெரியவில்லை, புற்றுதான் தெரிந்தது. எண்ணெயைக் கொட்டிப் புற்றைக் கரைத்து, கரையான் மிச்சம் வைத்ததை அள்ளினார்கள். சம்பந்தர் 16,000, அப்பர் 49,000, சுந்தரர் 38,000 பதிகம் பாடினார்கள் என்பது பழங்கணக்கு. தேறியது சுமார் 800. ஒரு சதவீதம்கூட இல்லை! ராஜா இடிந்து உட்கார, வானத்திலிருந்து குரல் வந்தது: இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும்தான் விட்டுவைத்தோம். நிஜமான மேகத்திலிருந்து பேசிய சப்போர்ட் டீம், அதுவும் மன்னிப்பே கேட்காமல்.

சிரிக்காதீர்கள். 2017இல் கிட்லேப் கம்பெனி தன் டேட்டாபேஸைத் தானே அழித்துவிட்டு, ஐந்து வகை பேக்கப்பும் காலை வாரிவிட, ஆறு மணி நேரம் பழைய ஒரு காப்பியைப் பிடித்துக் கரையேறியது. அங்கே அசரீரிகூடக் கிடையாது.

ஏடு வந்தது, பண் வரவில்லை. எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழிவந்த ஒரு பெண்தான் பண்களை மீட்டுத் தந்தாராம். ராஜாவுக்குத் ‘திருமுறை கண்ட சோழன்’ என்று பட்டம். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுப் பாருங்கள், ஊரே தலையைச் சொறியும்.

இதைவிட வேடிக்கை கல்வெட்டில் இருக்கிறது. பல்லவர் காலத்திலேயே திருவல்லம் கோயிலில் பதிகம் பாடக் கூலி கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். தில்லையில் கரையான் விருந்து சாப்பிட்ட காலத்தில், வெளியே யாரோ சம்பளத்துக்குத் தினமும் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அவர்களை யாரும் பேக்கப் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

1917இல் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டிலிருந்து சம்பந்தர் பதிகம் இன்னொன்று கிடைத்தது. பழைய தொகுப்பில் இல்லாத பதிகம். அந்தக் கல்லுக்குப் பூட்டும் கிடையாது, கையடையாளமும் கிடையாது.