மஞ்சள் நீராடிய மண்ணுக்கு வரன் பார்க்கும் முறை

மூடிய ஆலை ஒன்றும் அதன் பின்கட்டில் ஒரு விஷக் குவியலும் உங்கள் பொறுப்பில் வந்து சேர்ந்துவிட்டதா? பதறாதீர்கள். வயதுக்கு வந்த பெண்ணை வீட்டில் வைத்திருக்கும் தகப்பன் படும் பாடுதான் இது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. நாலு பேர் கேட்பார்கள். "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்ல வேண்டும். எப்படிப் பார்ப்பது, பார்த்துக்கொண்டே இருப்பது எப்படி என்பதற்குத்தான் இந்தக் குறிப்புகள்.

ராணிப்பேட்டையையே எடுத்துக்கொள்வோம். அங்கே சிப்காட்டில் 1970களின் நடுவில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று உண்டு. குரோமியத் தாதுவை சோடா உப்போடும் சுண்ணாம்போடும் சேர்த்துச் சூளையில் வறுத்து, அதிலிருந்து டைகுரோமேட்டைக் கரைத்து எடுப்பார்கள். தோல் ஷாப்புகளில் தோல் பதனிட வேண்டிய குரோம் உப்பு அதிலிருந்துதான் வரும். கரைத்து எடுத்ததுபோக மிஞ்சிய சக்கை பின்பக்கம் குவிந்தது. ஆலை போயிற்று, சக்கை போகவில்லை. ஒன்றரை லட்சம் டன் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். பிந்தைய கணக்கில் அது இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. உற்பத்தி நின்ற பிறகும் சரக்கு வளரும் ஆலை வேறெங்காவது உண்டா? மழை பெய்தால் அடியிலிருந்து தண்ணீர் மஞ்சளாகக் கசியும். மற்ற வீடுகளில் மஞ்சள் நீராட்டு ஒரு தடவைதான். இங்கே வருஷா வருஷம். 2006இல் நியூயார்க்கிலிருந்து பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. பெண்ணின் புகழ் கடல் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஜாதகம். குரோமியத்துக்கு முக்கியமான இரண்டு நிலைகள். மூன்றாம் நிலையில் இருந்தால் பரம சாது. லேசில் கரையாது, இருந்த இடத்தை விட்டு நகராது. ஆறாம் நிலையில் இருந்தால் தண்ணீரில் கரையும், நிலத்தடியில் ஓடும், உடம்பில் புகுந்தால் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். ஆறாமிடம் ரோகம், கடன், சத்துரு என்று நம் ஜோதிடர்கள் சொல்வது குரோமியத்துக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தும். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டுத் தரக்கட்டுப்பாடு. மஞ்சள் கண்ணுக்குத் தெரிகிறதென்றால் அந்தக் கோட்டை எப்போதோ தாண்டியாயிற்று என்று அர்த்தம்.

ஜாதகத்தில் தோஷம் தெரியாமல் இருக்கச் சில வழிகள் உண்டு. சோதனைப் போர்வெல்லைக் குவியலுக்கு மேட்டுப் பக்கம் போடுங்கள். தண்ணீர் அங்கிருந்துதானே வருகிறது, இன்னும் கெட்டிருக்காது. பள்ளத்துப் பக்கம், பாலாற்றை நோக்கிப் போகிற திசையில், தப்பித்தவறியும் போடாதீர்கள். ஆறாம் நிலைக் குரோமியத்துக்கு எடுத்த சாம்பிளை ஐஸில் வைத்து ஒரு நாளைக்குள் சோதித்துவிட வேண்டும் என்பது லேப் வழக்கம். ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்து, திங்கட்கிழமை அனுப்புங்கள். வழியிலேயே கொஞ்சம் சாதுவாகியிருக்கும்.

இனி வரன்கள். கன்சல்டன்ட் என்று ஒருவர் வருவார். தரகர்தான், டை கட்டியிருப்பார்.

அவர் முதலில் காட்டுவது அள்ளிப்போடும் மாப்பிள்ளையை. பொக்லைன் வைத்துத் தோண்டி, டிப்பரில் ஏற்றி, தார்ப்பாய் மூடி, அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போட்ட பாதுகாப்பான கிடங்கில் கொண்டுபோய்ப் புதைப்பது. இரண்டு லட்சம் டன் என்றால் நடைக்கு இருபது டன் வீதம் பத்தாயிரம் நடை. வழியில் இருக்கிற ஊர்க்காரர்களைக் கேட்காமல் முடிவெடுத்துவிடுங்கள், கேட்டால் சொல்லிவிடுவார்கள். இந்த வகையில் நம் மாநிலத்துச் சாதனை ஒன்று உண்டு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை நியூயார்க் மாநிலத்திலிருந்து பழைய இயந்திரங்களாக வந்தது. 2001இல் அது மூடப்பட்ட பிறகு, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு சுமார் 290 டன், 2003இல் கப்பலேறி அமெரிக்காவுக்கே போயிற்று. பெண்ணைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய கதை. ஆனால் மண்ணில் இறங்கிய பாதரசத்துக்குக் கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை. ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் வரை விட்டுவைக்கலாம் என்ற வாக்குவாதம் பல வருஷம் நடந்தது. இந்த எண்ணை லேசாக நினைக்காதீர்கள். எண்ணைக் கொஞ்சம் உயர்த்தினால் தோண்டவேண்டிய மண் குறையும், செலவு குறையும். ஒரு கூடை மண்கூட அள்ளாமல் ஏக்கர் கணக்கில் சுத்தம் செய்ய வேறு வழி கிடையாது.

எரிக்கும் மாப்பிள்ளையும் உண்டு. போபால் ஆலையில் நாற்பது வருஷம் கிடந்த 337 டன் கழிவை 2025 ஜனவரியில் பன்னிரண்டு கண்டெய்னர்களில் பீதம்பூருக்குக் கொண்டுபோய், ஆறு மாதத்தில் எரித்து முடித்தார்கள். சுண்ணாம்பு முதலானவை சேர்த்து எரிப்பதால் மிஞ்சிய சாம்பலும் எச்சமும் போட்ட சரக்கைவிட எடை கூடுதல். குரோமியம் எரியாது என்பதால் நமக்கு இந்தச் சம்பந்தம் ஒத்துவராது. ஊர் வாயை மூடும் அழகுக்காகச் சொன்னேன்.

அடுத்தவர் போர்வை போர்த்தும் மாப்பிள்ளை. குவியலை அங்கேயே விட்டு, மேலே களிமண், பிளாஸ்டிக் விரிப்பு, மறுபடி மண், அதன்மேல் புல். மழை உள்ளே இறங்காது. திறப்பு விழாவுக்குப் பொருத்தமான முறை இதுதான், பூங்கா என்றுகூடப் பெயர் வைக்கலாம். ஒரு சின்ன விஷயம்: சுண்ணாம்பு சேர்த்து வறுத்த குரோமியச் சக்கை சும்மா கிடக்காது, வருஷக்கணக்கில் ஊதிப் பெருக்கும், தளத்தையும் போர்வையையும் தூக்கி விரிசல் விடவைக்கும். மேலே போர்த்தினால் அடியில் ஓடும் நிலத்தடி நீர் நிற்கப்போவதுமில்லை. கிளாஸ்கோ பக்கம் 1960களில் மூடிய குரோமியம் ஆலையின் சக்கையைப் பள்ளம் நிரப்பப் பயன்படுத்தினார்கள். அண்மை ஆண்டுகளிலும் அங்கே போல்மடி ஓடை பளிச்சென்ற பச்சையில் ஓடி, ஊரார் போட்டோ எடுத்துப் போட்டார்கள். வெள்ளைக்காரன் வீட்டுப் பெண்ணும் இன்னும் வாசலில்தான் நிற்கிறாள் என்பதில் நமக்கு ஓர் ஆறுதல்.

இறைத்துச் சுத்தம் செய்யும் மாப்பிள்ளையை நான் நேர்மையாகவே பாராட்டுவேன். போர்வெல் போட்டு விஷத் தண்ணீரை மேலே இழுத்து, சுத்திகரித்து விடுவது. முதல் சில வருஷம் அளவு சரசரவென்று இறங்கும், கிராஃப் பார்க்க அத்தனை அழகு. அப்புறம் ஓரிடத்தில் நின்றுகொண்டு அடம்பிடிக்கும். ராணிப்பேட்டைக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. அதன் விரிசல்களிலும் களிமண்ணிலும் ஊறிப்போன விஷம் சொட்டுச் சொட்டாகத்தான் வெளியே வரும். பம்பை நிறுத்தினால் பழையபடி ஏறும். கிராஃப் இறங்கும்போது போட்டோ எடுத்துக்கொண்டு இடமாற்றம் வாங்கிவிடுங்கள், ஏறும்போது வேறொருவர் இருப்பார். சுத்திகரிப்பில் படிந்த சேறு? அதற்கு மேலே சொன்ன டிப்பர் மாப்பிள்ளை இருக்கிறாரே.

உள்ளூர் வரன் ஒருவர் உண்டு, அன்னபேதி. பாட்டி வைத்தியத்தில் இரும்புச் சத்துக்குப் பயன்பட்ட அதே பெரஸ் சல்பேட். அது ஆறை மூன்றாக்கும். சர்க்கரை ஆலையின் மொலாசஸை நிலத்துக்குள் செலுத்தினால் மண்ணிலுள்ள பாக்டீரியா அதைத் தின்று அதே வேலையைச் செய்யும். ரசாயனப்படி பொருத்தம் பத்துக்குப் பத்து. நிலத்தடி நீருக்கு நிஜமாகவே நல்ல வழி. ஆனால் குவியலுக்குள் சுண்ணாம்புக் காரம் தகித்துக்கொண்டிருக்கும். அங்கே அன்னபேதியைக் கொட்டினால் இரும்பு உடனே துருவாகப் படிந்து உட்கார்ந்துவிடும். சல்பேட் சுண்ணாம்போடும் அலுமினாவோடும் சேர்ந்து படிகமாகி இன்னும் வீங்கும். விலை மலிவு என்று கேட்டதுமே டெண்டர் விடுகிறவர்கள் இந்தப் பத்தியைப் படிக்கவேண்டியதில்லை.

இரும்புச் சுவர் என்று ஒரு வெளிநாட்டு வரனும் இருக்கிறார். அமெரிக்காவில் எலிசபெத் சிட்டியில் 1996இல், குரோமிய முலாம் பூசும் வேலை நடந்த கடலோரக் காவல்படைப் பட்டறை ஒன்றின் அருகே, 46 மீட்டர் நீளம், சுமார் 7 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி இரும்புத் துகளை நிரப்பினார்கள். நிலத்தடி நீர் தானாக அதனூடே போகிறது, போகும்போது ஆறு மூன்றாகிறது. பம்பு வேண்டாம், கரண்ட் வேண்டாம். மணல் பாங்கான தரை அது. நம்முடையது பாறை; தண்ணீர் எந்த விரிசலில் போகிறதென்று தெரிந்தாக வேண்டும். அதற்குப் பள்ளத்துப் பக்கம் போர்வெல் போடவேண்டும். அதைத்தான் போடவில்லையே.

வெட்டிவேர், கடுகு நட்டு உறிஞ்சலாம் என்பார்கள். ஆடு மேய்ந்துவிடும்.

இயற்கையே சரிசெய்துகொள்ளும், நாம் கண்காணித்தபடி இருப்போம் என்றொரு முறை உலகெங்கும் அங்கீகாரம் பெற்றது. அதில் பின்பாதியை விட்டுவிட்டால் செலவே இல்லை. நாடெங்கும் அதிகம் நடைமுறையில் இருப்பது அந்த முன்பாதிதான்.

கடைசியாகச் சீர்வரிசை. பெற்றவன்தான் செய்யவேண்டும் என்று 1996இல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த தோல் ஷாப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: மாசு செய்தவரே சுத்தம் செய்யும் செலவையும் ஏற்கவேண்டும். அதே தீர்ப்பில் தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். தகப்பன் ஆலையை மூடிவிட்டு ஊரைவிட்டே போயிருந்தால் யார் செய்வது என்று தரகரைக் கேட்காதீர்கள். அவர் இன்னொரு ஆய்வறிக்கைக்குச் செலவு சொல்வார். அதற்கும் ஒரு கமிட்டி வேண்டும், கமிட்டிக்குத் தேதி வேண்டும். தேதியை ஐப்பசியில் மட்டும் வைக்காதீர்கள். அப்போது வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். எல்லாரும் குடையோடு வரவேண்டியிருக்கும். தவிர, அந்த நாட்களில் பெண் வீட்டில் இருக்காது. எந்த மாப்பிள்ளைக்கும் காத்திராமல், மஞ்சள் பூசிக்கொண்டு, பாலாற்றுப் பக்கம் கிளம்பியிருக்கும்.