17-ஆம் பக்கத்து விருந்து

எங்கள் வாசகர் வட்டத்தில் மொத்தம் ஒன்பது பேர். மாதத்தின் முதல் ஞாயிறு, சாயங்காலம் ஐந்து மணிக்கு, கும்பகோணத்தில் மருந்துக்கடைக்காரர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். அந்த நேரத்தில் அங்கே காற்று வராது, கொசு வரும். விதி ஒன்றே ஒன்றுதான். இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறோம், அதில் என்ன பிடித்திருக்கிறது என்று ஆளுக்கு இரண்டு நிமிஷம் சொல்ல வேண்டும். எல்லாரும் சொல்லி முடித்த பிறகுதான் வெங்காயப் பக்கோடா. பக்கோடாவை முன்னால் வைத்தால் யாரும் புத்தகத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள் என்பதை முதல் கூட்டத்திலேயே எங்கள் தலைவர் கண்டுகொண்டார். சரித்திர வாத்தியாராக இருந்து, தலைமை ஆசிரியராகி, ஓய்வு பெற்றவர். கண்டுகொள்ளாமல் இருப்பாரா?

தலைவரிடம் நீளமான குறிப்பேடு ஒன்று உண்டு. யார் என்ன நூல் படிக்கிறார் என்று அதில் எழுதுவார். எழுதும்போது கொஞ்சம் இஸ்திரி போட்டு எழுதுவார். மருந்துக்கடைக்காரர் மாதா மாதம் "ராஜேஷ்குமார்" என்பார். அது குறிப்பேட்டில் "இக்கால நாவல்கள்" என்று ஏறும். கடையில் பில் புத்தகத்துக்கு அடியில் க்ரைம் நாவலை வைத்துக்கொண்டு, இருமல் மருந்து கேட்டு வருகிறவரைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிற மனிதர் அவர். "அவரு ஆயிரத்தைந்நூறு நாவலுக்கு மேல எழுதியிருக்காரு சார். நான் நானூறுதான் முடிச்சிருக்கேன். ஆயுசு போதுமான்னு தெரியல" என்று ஒருநாள் உண்மையான கவலையோடு சொன்னார். எங்களில் ஆயுளையும் வாசிப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டவர் அவர் ஒருவர்தான்.

கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி வருகிறாள். பொன்னியின் செல்வனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறாள், அதுவும் ஒன்றரை மடங்கு வேகத்தில். வீராணம் ஏரிக்கரையில் கிளம்பிய வந்தியத்தேவன் எங்கள் ஊர்ச் சோதிடர் வீட்டுக்கு வந்து சேர எனக்கு அந்தக் காலத்தில் ஒரு வாரம் ஆயிற்று. அவளுக்கு அது தஞ்சாவூர் பஸ்ஸில் ஒரு போக்குவரத்து. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரைக்கும் வாரா வாரம் கல்கி பத்திரிகைக்காகக் காத்துக்கிடந்த தலைமுறை இதைக் கேட்டால் என்ன சொல்லும் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் அதைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார்கள். நடுவில் இரண்டு வாரம் காணாது. அந்த இரண்டு வாரத்துக் கதையை என் அத்தை தன் சொந்தப் பொறுப்பில் சொல்லுவாள். பல வருஷம் கழித்து முழுப் புத்தகம் வாங்கிப் படித்தபோது கல்கியைவிட அத்தை கொஞ்சம் நன்றாகவே எழுதியிருந்ததாகப் பட்டது.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன்.

பதினாலு மாதத்துக்கு முன்னால் என் முறை வந்தபோது, எல்லாரும் பெரிய பெரிய பெயராகச் சொல்கிறார்களே என்ற பதற்றத்தில், "டால்ஸ்டாய்" என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லை. டி.எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பான 'போரும் வாழ்வும்' என்னிடம் இருக்கிறது. தலையணைக்குத் தலையணையாகவும் ஆகும். அன்றைக்குக் காலையில்தான் பிரித்திருந்தேன்.

1805 ஜூலை மாதம். பீட்டர்ஸ்பர்கில் அன்னா பாவ்லோவ்னா என்ற சீமாட்டி வீட்டில் விருந்து. முதல் ஆளாக வாசிலி என்கிற பிரபு வருகிறார். வந்தவர்கள் நெப்போலியனைத் திட்டுகிறார்கள். திட்டி முடித்த கையோடு, வாசிலி பிரபுவின் உதவாக்கரைப் பிள்ளைக்குச் சொத்துள்ள இடத்தில் பெண் பார்க்கிற பேச்சு ஆரம்பமாகிறது. அட, நம்ம ஊர்க் கல்யாண வீட்டுத் திண்ணை மாதிரியே இருக்கிறதே என்று ஆசையாகத்தான் உள்ளே போனேன். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரே ஆளுக்கு வீட்டில் ஒரு பெயர், வெளியில் ஒரு பெயர், அப்பா பெயரோடு சேர்த்து இன்னொரு பெயர். வங்கியில் முப்பத்து மூன்று வருஷம் கணக்குப் பார்த்த எனக்கே யார் வரவு, யார் செலவு என்று பிடிபடவில்லை. 17-ஆம் பக்கத்தில், எல்.ஐ.சி. ரசீதை அடையாளம் வைத்து மூடினேன். ரசீது இன்னும் அங்கேயே இருக்கிறது. அந்த விருந்தில் இன்னும் பந்தி போடவில்லை.

ஆனால் வட்டத்தில் ஒருமுறை டால்ஸ்டாய் என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம் வேறு பெயர் சொன்னால், முடித்தாயா என்று கேட்பார்கள். ஆகவே மாதா மாதம் "டால்ஸ்டாய் தொடர்கிறது" என்றேன். முன்னுரையில் இரண்டு மாதம் ஓடியது, பின்னட்டையில் ஒரு மாதம். பனி பற்றி மூன்று மாதம் பேசினேன். ரஷ்யாவில் பனி பெய்யும் என்று சொல்வதற்குப் புத்தகம் தேவையில்லை.

போன ஆடியில் தலைவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்: "நெப்போலியன் இப்ப எங்க வந்திருக்கான்?"

"மாஸ்கோ பக்கத்துல சார்."

ஆவணியில் கேட்டார். "பக்கத்துலதான் சார்." புரட்டாசியிலும் பக்கத்தில்தான்.

"இத பாருங்க" என்றார் தலைவர், கரும்பலகை முன்னால் நிற்கிற குரலில். "1812 ஜூன் 24, நேமன் ஆத்தைத் தாண்டினான். செப்டம்பர் 14, மாஸ்கோவுக்குள்ள போயிட்டான். 82 நாள். நடந்தும் குதிரையிலும் போனவனுக்கே 82 நாள்தான் ஆச்சு. நீங்க சாய்வு நாற்காலியில உக்காந்துகிட்டு பதினாலு மாசமா போயிட்டிருக்கீங்க."

மருந்துக்கடைக்காரர் பக்கோடாத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். கடையில் மாத்திரையை எடுத்துக் கொடுக்கிற அதே பரிவோடு.

தலைவரை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் ஒரு பரம்பரையே இருக்கிறது. 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. உ.வே. சாமிநாதையருக்கு வயது 25, அந்த வருஷம்தான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலைக்கு வந்திருந்தார். ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்று சொல்லியும் முதலியார் அசையவில்லை. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இவர் அந்தாதியில் தொடங்கி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம், கம்பராமாயணம் என்று அடுக்கிக்கொண்டே போனார். எதிரே இருந்த முகத்தில் ஒரு வெளிச்சமும் இல்லை. கடைசியில் முதலியார் சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை எல்லாம் படித்ததுண்டா என்று விசாரிக்க, புத்தகம் கிடைக்கவில்லை, கிடைத்தால் படித்துவிடுவேன் என்றார் ஐயர். முதலியார் ஒரு கையெழுத்துப் பிரதியைத் தேடிக் கொடுத்தார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. 1892-இல் சிலப்பதிகாரம், 1898-இல் மணிமேகலை. 'என் சரித்திர'த்தில் ஐயரே விரிவாக எழுதியிருக்கிறார். தலைவர் இந்தக் கதையை வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்லி, கண் கலங்குவார்.

எனக்கும் கண் கலங்கும், காரணம் வேறு. அன்றைக்கு அந்தத் திண்ணையில் ஐயருக்குப் பதில் நான் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். "சிந்தாமணியா? பாதி முடிச்சிட்டேன் சார், விறுவிறுப்பா போகுது" என்றிருப்பேன். முதலியார் திருப்தியாகத் தலையாட்டியிருப்பார். கொழுந்து வெற்றிலையும் சீவலும் வந்திருக்கும். மென்றுகொண்டே வீட்டுக்கு வந்திருப்பேன். சீவகன் இன்றைக்கும் ஏதோ ஒரு மடத்துப் பரணில் கரையானுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருப்பான். தமிழ் தப்பியது, படிக்காததைப் படிக்கவில்லை என்று சொல்லத் தெரிந்த ஒருவர் அன்று அந்த இடத்தில் இருந்ததால்.

அப்படியானால் பதினாலு மாதமாக நான் எதையுமே படிக்கவில்லையா? படித்தேன். தினமும் ராத்திரி, ரசித்து ரசித்து, சில பக்கங்களை இரண்டு முறை. அந்தப் புத்தகத்தின் பெயர் 'சமைத்துப் பார்'. எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951-இல் முதல் பாகம் வெளிவந்தது. என் மாமியார், பெண்ணுக்குச் சீர் வைத்த பாத்திரங்களோடு தன் பழைய பிரதியையும் வைத்து அனுப்பினார். ரசம் வருகிற பக்கங்கள் புளித்தண்ணீர் பட்டு ஒட்டிக்கொண்டிருக்கும், ஊதித்தான் பிரிக்க வேண்டும். ஓரங்களில் மூன்று தலைமுறை மஞ்சள் விரல்ரேகை. போலீஸிடம் கொடுத்தால் எங்கள் வம்சாவளியையே எடுத்துவிடுவார்கள்.

அதில் என்ன பிடித்திருக்கிறது என்றால், வாசகனுக்கு ஒன்றுமே தெரியாது என்று நம்பி எழுதியிருக்கிறார் அந்த அம்மாள். டால்ஸ்டாய் அப்படி நம்பவில்லை. இங்கே பாத்திரங்கள் வரும் முன்பே பட்டியல் கொடுத்துவிடுகிறார்: துவரம்பருப்பு இவ்வளவு, புளி இவ்வளவு. ஒன்றுக்கு மூன்று பெயர் கிடையாது. பெருங்காயம் கடைசிவரை பெருங்காயம்தான். எல்லாக் கதையும் சாப்பாட்டில் முடிகிறது. நடுவில் எனக்கு ஒரு சொந்த லாபமும் உண்டு, அதாவது கணக்கு. சட்டப்படி இந்த நாட்டுக்குக் கிராமும் கிலோவும் 1956-க்கு அப்புறம்தானே வந்தன? எங்கள் பிரதியில் படியும் ஆழாக்கும் பலமும்தான். 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. ஒரு மணங்குக்கு எத்தனை பேருக்குச் சாம்பார் வைக்கலாம் என்று மனசுக்குள் பெருக்கிக்கொண்டே தூங்கிப்போவேன். அப்படி ஒரு தூக்கம் எனக்கு வங்கியில்கூட வந்ததில்லை.

அடுப்படிக்கு மட்டும் போனதில்லை. "படிக்கிற நேரத்துல ஒருநாள் வச்சுத்தான் பாருங்களேன்" என்பாள் மனைவி. தலைப்பில் இரண்டு வினை இருக்கிறது, நான் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டேன் என்று சொன்னதற்கு, அன்றைக்கு ரசமும் இரண்டாம் முறை வரவில்லை.

ஐப்பசியில் அடைமழை. மொட்டை மாடி குளமாகிவிட்டதால் கூட்டம் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு மாறியது. என் முறை வந்தது. தலைவர் பேனாவைத் திறந்தார். "டால்ஸ்டாயோட போர்க்கள வர்ணனை இருக்கே..." என்று ஆரம்பித்தேன்.

காபி டம்ளர்களோடு வந்த மனைவி நடுவிலேயே நின்றாள். "போரா? இவரா? ராத்திரி பத்து மணிக்கு விளக்கைப் போட்டுக்கிட்டு மோர்க்குழம்புல்ல படிக்கிறாரு!"

கூடத்தில் மழைச் சத்தம் மட்டும்தான். மருந்துக்கடைக்காரர் மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார். வேறு வழியில்லாமல் உள்ளே போய் புத்தகத்தை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தேன். தலைவர் அதைப் பிரித்து, ஒரு பக்கத்தை விரலால் தடவி, "ஆழாக்கு" என்றார், ஏதோ பழைய மாணவனை அடையாளம் கண்டதுபோல. "ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு."

"ஆழாக்குன்னா எத்தனை மில்லி சார்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"பட்டணம் படி வேற, நம்மூர்ப் படி வேற" என்று மூலையிலிருந்து ஒரு குரல். அதுவரை ஆறு கூட்டமாக வாயே திறக்காதவர். கல்லூரிப் பெண் காதிலிருந்ததைக் கழற்றினாள். கொஞ்ச நேரத்தில் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். எங்கள் வட்டத்தில் அப்படி ஒரு விவாதம் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடக்கவில்லை. மனைவி உள்ளே போய்ச் சீரில் வந்த பித்தளைப் படியையும் ஆழாக்கையும் புளி போட்டு விளக்கிக் கொண்டுவந்தாள். தரையில் செய்தித்தாளை விரித்து அரிசியைக் கொட்டினோம். எட்டு ஆழாக்கு போட்டும் படி கொஞ்சம் குறைந்தது.

"தலை தட்டி அளந்தா எப்படி நிறையும்? கோபுரமா குவிக்கணும்" என்றாள் மனைவி. தலைவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மண்டி போட்டு, முதலிலிருந்து அளந்தார். நிறைந்தது.

பக்கோடாவை யாரும் தேடவில்லை. மழை விட்டதும் கிளம்பினார்கள். தலைவர் மட்டும் குறிப்பேட்டை முழங்காலில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். தலைகீழாக எட்டிப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே, அழகான கையெழுத்தில்: "போரும் வாழ்வும் (வாசிப்பு தொடர்கிறது)."

அப்புறம் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, யாருக்கும் தெரியாத மாதிரி, சின்ன எழுத்தில் குறித்துக்கொண்டார்: "1 படி = 8 ஆழாக்கு. தலை தட்டாமல்."